கடைசி வரியில் இருந்த சின்னக் கட்டி

சபையாரே, இந்தச் சாட்சியை நான் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களிலேயே சொல்லியிருக்க வேண்டும். சாட்சி சொல்பவர்கள் பட்டியலில் என் பெயர்கூட இருந்தது. அன்று நான் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று இன்று சொல்கிறேன்.

பொங்கல் முடிந்த வாரம் என் கழுத்தில், தைராய்டில், கட்டி தெரிந்தது. எலுமிச்சை அளவு. விழுங்கினால் ஏறி இறங்கும். பயந்துபோனேன். பம்மல் ஜெபக் கூட்டத்தில் அதன்மேல் எண்ணெய் பூசாத கை இல்லை. தாம்பரத்தில் ஸ்கேன் எடுத்து, ஊசி குத்திச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை என்று வந்தது. கூட்டத்தை நடத்தும் எஸ்தர் அக்கா அழுதேவிட்டார். மறுநாளே என் பெயரைச் சாட்சிப் பட்டியலில் எழுதினார்.

நான் ஒரு நாளிதழில் இருபது வருடம் பிழை திருத்தியவள். எதையும் கடைசி வரிவரை வாசிப்பேன். ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இன்னொரு கட்டி இருந்தது. பட்டாணி அளவு. பின்பக்கம், கைக்குத் தட்டுப்படாது. ஓரம் ஒழுங்கில்லை, உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் என்று எழுதியிருந்தது. ஊசி போட்டதோ பெரிய கட்டியில் மட்டும்.

எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் கேட்டேன். "பெரிசுலயே ஒண்ணும் இல்லம்மா. ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்," என்றார்.

எஸ்தர் அக்காவிடம் சொன்னேன்.

"இன்னாம்மா நீ, ஆண்டவரே நல்ல ரிப்போர்ட்டு குடுத்துகீறாரு. அதுலயும் மிஸ்டேக் பாத்துக்கினு கீற?"

"சின்னதை யாரும் பாக்கவே இல்லக்கா."

"பரங்கிமலைக்குப் போயி, ஆண்டவரையே சந்தேகப்பட்டாரே தோமா, அவராண்ட சொல்லு. அவருதான் உன் கட்சி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெறுத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து ஜெபித்தேன். "சுகம் கேட்கவில்லை, ஆண்டவரே. இந்த ஒரு வரியைப் படிக்க ஓர் ஆளைத் தாரும்."

அடுத்த வாரம், ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட ஸ்கேன் டாக்டரையே தேடிப் போனேன். டோக்கன் முடிந்துவிட்டது என்றார்கள். திரும்பிப் போக எழுந்தபோது அவரே வெளியே வந்தார். தாளை வாங்கிப் படித்தார்.

"இதுல ஊசி போடலையா? இந்த ஓரமும் புள்ளியும்தான் சந்தேகம். சைஸை வெச்சு நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு சொல்ல முடியாதும்மா."

அன்றே சின்னக் கட்டியில் ஊசி போட்டார். புற்றுநோய்தான். ஈஸ்டருக்குப் பிறகு அறுவை சிகிச்சை செய்தார்கள். வேறெங்கும் பரவியிருக்கவில்லை.

வார்டில் எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிசயே புடிச்சுக்கினு ஜெபம் பண்ணிட்டோம்மா," என்றார். இப்போது தன் சுகர் ரிப்போர்ட்டை என்னிடம்தான் நீட்டுகிறார்.

என் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் நன்றியோடு நிற்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரே சொல்லும்போது உங்கள் மனம் கேட்கவில்லையா? அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். எரிச்சலோடு சொன்னாலும் கேட்பார். பிறகு ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.