வாங்காத வீட்டின் தவணை

“இந்த மாசம் வீடு காலி” என்று அறிவித்துவிட்டு, எதிர்வீட்டுப் பெண்மணி சீட்டை மடித்துத் தகர டப்பாவுக்குள் போடுகிறார். கணவர் தலையில் கை வைத்துக்கொள்கிறார். வேடிக்கை என்னவென்றால், காலியாகிவிட்ட அந்த வீட்டை அவர்கள் இன்னும் வாங்கவே இல்லை.

அந்தப் பெண்மணிக்கு நாற்பத்து நான்கு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வங்கிக் கடனில் ஒரு சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விட வேண்டும், வேலை ஓய்ந்த பிறகு யார் கையையும் எதிர்பார்க்காமல் இருவரும் அந்த வாடகையில் காலம் தள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. “வாடகையே தவணையக் கட்டிடும்மா” என்று தரகர் அடித்துச் சொன்னார். விசாரித்தால், வாடகை தவணையில் முக்கால்வாசிதான் தேறியது. மீதி கைக்காசு. ஆள் இல்லாத மாதம் மொத்தமும் கைக்காசு.

“வாங்கிட்டு மாட்டிக்கிட்டு முழிக்கிறதவிட, இப்பவே கட்டிப் பாத்துடலாம்” என்று ஓராண்டு ஒத்திகையில் இறங்கிவிட்டார். என்னென்ன நேரலாம் என்று சீட்டுகளில் எழுதி டப்பாவில் போட்டு, ஒவ்வொரு முதல் தேதியும் குலுக்கி ஒன்றை எடுப்பார். ‘எல்லாம் சரி’ என்று வந்தால் கால்வாசித் தவணை. ‘வீடு காலி’ என்றால் முழுசும். ‘வட்டி ஏறியது’, ‘மோட்டார் எரிந்தது’ என்றும் சீட்டுகள் உண்டு. பணம் அன்றே தனிக் கணக்குக்குப் போய்விடும்.

கணவர் சரக்கு வண்டி ஓட்டுபவர். என்னிடம் புலம்புவார்: “இல்லாத வீட்ல இல்லாத மோட்டார் எரிஞ்சதுக்கு, நான் பிஞ்ச செருப்பத் தைச்சுப் போட்டுட்டுத் திரியறேன் சார்.”

வீடு பார்க்கப் போனால், விற்பவரைவிட மாடிப்படி துடைப்பவரிடம்தான் இந்த அம்மாள் அதிகம் பேசுவார். எந்த வீட்டில் ஆள் நிற்பதில்லை, ஏன் நிற்பதில்லை என்று துருவித் துருவிக் கேட்பார்.

“இவ்வளவு பயம்னா பேசாம பேங்க்லயே போட்டு வைக்கலாமே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பயம் இல்லண்ணா. எவ்வளவு பயப்படணும்னு தெரிஞ்சுக்கறேன்” என்றார். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பன்னிரண்டு மாதமும் தாக்குப்பிடித்துவிட்டார்கள். இரண்டாவது மாடியில் ஒரு வீடு முடிவாயிற்று. போன வாரம் சாட்சிக் கையெழுத்துக்கு என்னையும் வங்கிக்கு அழைத்துப் போனார்கள். இருவர் சம்பளத்தையும் பார்த்துத்தான் கடன் என்பதால் இருவரும் கையெழுத்திட வேண்டும். மனைவி மளமளவென்று போட்டு முடித்தார். கணவர் படிவத்தை மூக்கருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், ஜன்னல் பக்கம் திருப்பினார். அதிகாரி விரலால் இடத்தைக் காட்டியும், கையெழுத்து கோட்டை விட்டு அச்செழுத்துகளின்மேல் ஏறியது.

“எத்தனை நாளா இப்படி?” என்றார் மனைவி, மெல்ல.

“ஆறு மாசமா கண்ணு மங்கல்தான். ஆபரேஷன்னா வண்டி ஓட்ட முடியாது, சம்பளம் நின்னுடும். நீ போட்ட கணக்கெல்லாம் கெட்டுடுமேன்னுதான்...”

அத்தனை ஆபத்துகளையும் யோசித்து யோசித்துச் சீட்டில் எழுதியவர், கணவரின் சம்பளம் வரும் என்பதை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

“மேடம், இன்னைக்கு விட்டா வட்டி விகிதம் மாறலாம்” என்றார் அதிகாரி.

அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை. படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு கணவரின் சட்டைப்பையில் கைவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.