சந்தனம் பூசிய மம்பட்டி

நீலாவதியிடம் எதை வேண்டுமானாலும் இரவல் கேட்கலாம். சர்க்கரை கேட்கலாம், கேஸ் அடுப்பு கேட்கலாம், கல்யாணத்துக்குப் போகக் காதுத் தோட்டைக் கேட்டால்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவாள். மம்பட்டியை மட்டும் கேட்கக் கூடாது. நான் ஒருமுறை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கும் வாய் நீளம்தான், ஆனால் அவளிடம் அது எடுபடவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் செய்கிற சின்னக் கொட்டகைகளில் அவளுடையது ஒன்று, அதற்கு அடுத்தது என்னுடையது. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர், பண்டிகைக்கு வந்தால் உண்டு. வீட்டில் மாமியார் ஆண்டாளும், கொழுந்தன் திருமாலும். என் கொட்டகை மேட்டில் இருக்கிறது, தப்பித்தேன். அவளுடையது பள்ளம். ரோட்டில் பெய்கிற மழை மொத்தமும் அவள் வாசலைத்தான் தேடி வரும். சுடாத விளக்கில் தண்ணீர் பட்டால் அது விளக்கில்லை, வெறும் சேறு. அதனால் மழைக்காலம் முழுக்க அவள் கொட்டகையைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டே இருப்பாள். வெயில் காலத்தில் மண் ஏற்றி வருகிற வண்டிகள் ஏறி ஏறி அந்த வாய்க்கால் தூர்ந்துபோகும். அடுத்த மழைக்கு மறுபடியும் வெட்ட வேண்டும்.

அந்த மம்பட்டிக்கு அவள் செய்கிற சீராட்டைப் பார்க்க வேண்டும். தை பிறந்து மழை ஓய்ந்ததும் தேய்த்துக் கழுவுவாள். காம்பு நுழைகிற வளையத்தில் ஒட்டியிருக்கும் மண்ணை ஆணியால் குடைந்தெடுப்பாள். வெயிலில் காயவைத்து, மெக்கானிக் கடையில் வாங்கிவந்த பழைய ஆயிலைத் தகட்டில் தடவி, சாக்கில் சுற்றி, கூரைச் சட்டத்தில் தூக்கிக் கட்டிவிடுவாள். தரையில் வைத்தால் போச்சு, இந்த ஊர்க் கரையானுக்கு மரக்காம்பு என்றால் பிரியாணி மாதிரி. மறுபடி மழை வரும் முன்னால் இறக்கி, தலைகீழாகத் தண்ணீர் டிரம்மில் நிறுத்துவாள். வெயிலில் சுருங்கிய மரம் ஊறிப் பருத்து வளையத்தைக் கவ்விப் பிடிக்கும். ஒரு வருஷமும் இதை அவள் விட்டதில்லை.

போன ஆயுத பூசைக்கு மட்டும் விட்டாள். கார்த்திகை விளக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. கொட்டகை முழுக்கப் பலகை பலகையாக ஈர விளக்குகள்.

"அண்ணி, மம்பட்டிய நான் எறக்கி ஊற வச்சி, பொட்டும் வச்சிடறேன். நீங்க வெளக்கப் பாருங்க" என்றான் திருமால்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, என்னிடம் ஓடிவந்து சொன்னாள். தின்ற தட்டைக் கழுவாதவனுக்கு இது என்ன திடீர்ப் பொறுப்பு என்று கேட்டேன்.

"போக்கா, புள்ள இப்பதான் திருந்துது" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பூசையில் வைத்த சாமானை மறுநாள் காலைவரை யாரும் தொட மாட்டோம். மறுநாள் காலையில்தான் மழைக்காலத்து முதல் வெட்டு. பூசை அன்றைக்கு மதியமே வானம் பொத்துக்கொண்டது. ரோட்டுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் அவள் வாசலுக்கு வந்துவிட்டது. நான் இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். உள்ளே மாமியாரும் மருமகளும் சாமி படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பூசையில வச்சத எடுக்கக் கூடாது நீலா. காலையில எடுத்துக்கலாம்."

"காலையில வந்து என்னாத்த அத்த எடுக்கறது, சேத்தையா?"

"சாமி குத்தம் ஆயிடும்."

"குத்தம் எம்மேலயே இருக்கட்டும். தள்ளுங்க."

மம்பட்டி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மழையில் இறங்கினாள். ஓங்கி ஒரே வெட்டுதான். தகடு மண்ணிலேயே நின்றுவிட்டது, காம்பு மட்டும் கையோடு வந்தது. தகட்டை அவள் பிடுங்கி எடுக்க, மழையில் சந்தனம் வழிந்து இறங்கியது. அடியில் சிமெண்டு. ஊத்தப்பம் கனத்துக்கு இறுகிப்போன சிமெண்டு.

திருமால் வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எப்போதும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"திருமாலு, இது எப்ப நடந்துது?"

"சித்திரையில அண்ணி. சேத்தியாத்தோப்புல ஃப்ரெண்டு வூட்டு வாசல்ல பைக் ஏத்தறதுக்குக் காங்கிரீட் போட்டோம். கழுவணும்னுதான் இருந்தேன்."

"ஊற வச்சியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல."

"இல்லண்ணி."

"அப்ப சந்தனத்த அப்பி சாமிகிட்டயே ஒளிச்சி வச்சிருக்க. நான் இதுக்குக் கையெடுத்துக் கும்புட்டேன்டா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டியாலேயே அவன் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். நீலாவதி அவன் குடையைப் பிடுங்கித் தூர வீசினாள். "எறங்கு" என்றாள். இறங்கினான். மூன்று பேரும் கையாலும் சட்டியாலும் உடைந்த ஓட்டாலும் மண்ணைத் தோண்டினோம். தண்ணீர் திரும்புவதற்குள் கீழ்ப்பலகை விளக்குகள் எல்லாம் கரைந்துவிட்டன. மேலே இருந்தவை தப்பின. கரைந்த சேற்றைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு அவள் அழுதாள். துக்கம் பாதி, கோபம் பாதி.

சாயங்காலம் மழை விட்டது. ஆண்டாள் மெதுவாக வந்து, மம்பட்டியை மறுபடி படத்துக்கு முன்னால் வைத்தால் கற்பூரம் காட்டிவிடலாம் என்றாள்.

"சிமெண்டோட வைக்க வாணாம் அத்த. உங்க மவன் சொரண்டட்டும். அதுவரைக்கும் கற்பூரமும் கெடையாது, பொரி கடலையும் கெடையாது. நானும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

திருமால் வாசலில் குந்தி உளியை வைத்துத் தட்ட ஆரம்பித்தான். ஒவ்வொரு கொட்டகையிலும் மணி அடித்து, பூசணிக்காய் உடைத்து முடித்துவிட்டார்கள். எங்கள் கொட்டகைப் பூசை முடிந்ததும் நான் பொரியை எடுத்துக்கொண்டு போனேன். அதைத் தொடக்கூட அங்கே ஆளில்லை. உளிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் எழுந்தான். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. தகட்டைக் கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

"இந்தாங்கண்ணி."

அவள் வாங்கிக்கொண்டாள். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். தகட்டைத் திருப்பினாள். பிறகு அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"பின்பக்கம் இருக்குது" என்றாள்.

அவன் மறுபடியும் குந்தினான்.