வேகமானிக்கு வைத்த சந்தனப் பொட்டு

என் தங்கச்சி செல்வராணியின் புருசன் யோகராஜாவுக்குக் கோபம் வர ஒரு காரணமும் தேவையில்லை. ட்ராம் பிந்தினால் கோபம். அவர் வேலை செய்கிற பேர்ண் ஆஸ்பத்திரிச் சமையலறையில் யாராவது அவருடைய கத்தியை எடுத்தால் கோபம். கோவிலில் வரிசையை விட்டு யாராவது முன்னால் போனால், சாமிக்கு முன்னாலேயே கத்துவார். கெட்ட மனிசன் என்று சொல்ல மாட்டேன். உழைப்பாளி, குடியில்லை. ஆனால் அந்த வீட்டில் கதவுகள் மெதுவாகச் சாத்தப்பட்டு நான் கண்டதில்லை.

சுவிஸ் பாஸ்போட் கிடைத்த பிறகு, சமையலறையில் கூட வேலை செய்த ஒருவர் அவரைத் துவக்கால் குறிபார்த்துச் சுடும் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் ஆட்கள் வாயில் கையை வைத்தார்கள். "ஊரில துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆள், இஞ்ச காசு குடுத்துச் சுடுறார்" என்று அன்னதானப் பந்தியிலேயே பகிடி பண்ணினார்கள். அதற்கும் கோபம்தான். ஆனால் அங்கே போய் வருகிற நாட்களில் மனிசன் அமைதியாக இருப்பார். "காதை மூடிக்கொண்டு சுடப் படுத்தா ஒருத்தற்ற கதையும் கேக்காதக்கா" என்று எனக்கு ஒருமுறை சொன்னார்.

போகப் போக, கடையில் வாங்குகிற துவக்கு ரவை போதாது என்று தானே நிரப்பத் தொடங்கினார். வெற்றுப் பித்தளைக் கோதை எடுத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை இறுக்குகிற வேலை. ஓஸ்டர்முண்டிகனில் அவர்கள் இருக்கிற வீட்டு நிலவறையில், பூட்டு உள்ள மேசை ஒன்றில் செய்வார். செல்வராணி பயந்தாள். அவள் பயத்தைப் போக்கத்தான் ஒருநாள் அந்தப் பெட்டியைக் கொண்டு வந்து காட்டினார். குண்டின் வேகத்தை அளக்கிற கருவி.

"இஞ்ச பார். இதில ரெண்டு கண்ணாடித் துளை இருக்கு. குண்டு முதலாவதுக்கு மேலால போகேக்க நேரம் தொடங்கும், ரெண்டாவதைத் தாண்டேக்க நிக்கும். வேகம் அளவுக்கு மிஞ்சினா உள்ளுக்க அமுக்கம் கூடிப்போச்செண்டு அர்த்தம். அப்ப நிப்பாட்டிப்போடுவன்."

"நிப்பாட்டாட்டி?"

"துவக்கு வெடிச்சு முகத்தில அடிக்கும். அதுக்குத்தானே பெட்டி."

அவள் அதை மனதில் பிடித்துக்கொண்டாள். நவராத்திரி வந்தது. ஆயுத பூசைக்கு எல்லாரும் வைப்பதுபோல் தையல் மிசின், கிறைண்டர், அவருடைய சமையல் கத்திகள் எல்லாம் சாமியறைக்கு வந்தன. துவக்கை வைக்க அவள் சம்மதிக்கவில்லை. "அது உள்ளுக்க வரக்கூடாது. உங்களைக் காப்பாத்திற பெட்டியை மட்டும் தாங்கோ" என்றாள். கிறைண்டருக்கு வைத்த மாதிரியே அந்தப் பெட்டிக்கும் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அவருடைய கண்ணையும் கையையும் காப்பாற்று முருகா என்றுதான் இரண்டு பேரும் கேட்டோம்.

விசயதசமி முடிந்த சனிக்கிழமை அவர் பெட்டியை மேலால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். அன்று பெட்டி காட்டிய வேகம் குறைவு. போன மாதம் நிரப்பிய அதே அளவு மருந்து, அதே குண்டு. ஆனால் இலக்கம் கீழே கிடந்தது. அந்தச் சங்கத்தில் சுடுகளத்துக்குப் பொறுப்பானவர் ரூடி என்ற வெள்ளைக்காரர். அவர் வந்து பார்த்துவிட்டு, "மருந்தைக் கூட்டாதை. முதலில் பெட்டி சரியோ எண்டு பாப்பம். வாற முறை கொண்டு வா" என்றிருக்கிறார்.

சாதாரண சொல்தானே? எங்கள் ஆளுக்கு அது அவமானமாய்ப் போயிற்று. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்தார்.

"நான் ஆஸ்பத்திரியில கிராம் கணக்கில நிறுத்துச் சமைக்கிறவன். எனக்கு மருந்து நிறுக்கத் தெரியாதெண்டு நினைக்கிறான். பெட்டியைப் பாக்கப் போறானாம்!"

"அவர் பெட்டியைத்தானே சொன்னவர்? உங்களைச் சொல்லேல்லையே" என்றாள் செல்வராணி.

"நீ சும்மா இரு."

அந்தக் கோபத்தோடு நிலவறைக்குப் போனார். கோபத்தோடு செய்யக்கூடாத வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்லுவேன். குறைந்த வேகத்தை உயர்த்துவதற்காக, மருந்துக் கொம்பனிக்காரன் புத்தகத்தில் போட்ட எல்லைக்கும் மேலே மருந்து போட்டு ஐந்து ரவை நிரப்பினார். யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த முறை போகிறபோது அந்த ஐந்தும் அவருடைய பையில் இருந்தன. அங்கே ஒழுங்கு இதுதான்: எல்லாத் துவக்கும் திறந்து வெறுமையாக மேசையில் இருக்க வேண்டும், எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒருவர் முன்னால் போய்ப் பெட்டியை அதன் மூன்று கால் தாங்கியில் துவக்குக் குழலுக்கு நேராக வைக்கலாம். அதெல்லாம் முடிந்து இவர் பைக்குள் கையை விட, ரூடி கடை ரவை ஒன்றை நீட்டினார்.

"முதல் இதைச் சுடு. இதின்ர வேகம் எனக்குத் தெரியும்."

இவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டார். அதற்கும் பெட்டி குறைவாகத்தான் காட்டியது. கடை ரவைக்கும் குறைவு என்றால் பிழை மருந்தில் இல்லை. துவக்கைத் திறந்து வைத்துவிட்டு ரூடி போய்ப் பெட்டியை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டாவது துளையின் கண்ணாடியில் மஞ்சளாய்க் காய்ந்த சந்தனம், நடுவில் சிவப்பு. வெளியே துடைத்தவர் துளைக்குள் பார்க்கவில்லை. அதனால் அந்தத் துளை குண்டைப் பிந்திக் கண்டது, இலக்கமும் குறைந்தது.

"இது என்ன?" என்று கேட்டார் ரூடி. ரூடியின் பார்வை பைக்குப் போனது. "இந்த இலக்கத்தை நம்பி மருந்தைக் கூட்டினியோ?"

இவர் பையைத் தன் பக்கம் இழுத்தார். "இண்டைக்கு நீ சுட வேண்டாம். வீட்டை போ. அந்த ரவைகளைக் கழட்டு" என்றார் ரூடி.

அன்று நான் தங்கச்சி வீட்டில் இருந்தேன். அவர் ஏறி வந்த சத்தம் படியிலேயே கேட்டது. பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கத்தத் தொடங்கினார்.

"உனக்கு விசரோ? கண்ணாடிக்குள்ள கொண்டுபோய்ச் சந்தனத்தை அப்புவியோ? சனத்துக்கு முன்னால என்ர மானம் போச்சு! வீட்டில இருக்கிற எல்லாத்துக்கும் பொட்டு! நாளைக்கு எனக்கும் நெத்தியில அப்பிப்போட்டு மூலையில இருத்து!"

செல்வராணி பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். பிழைதான், தெரியாமல் செய்தேன் என்றாள். அவர் விடவில்லை. கத்துகிற வேகத்தில் தானே சொல்லிவிட்டார்.

"உன்ர பொட்டாலதான் நான் மருந்தைக் கூடப் போட்டனான்! ரூடி மறிச்சிருக்காட்டி அதைத்தான் சுட்டிருப்பன்!"

என் தங்கச்சி வாய் திறந்து சண்டை பிடித்து நான் கண்டதில்லை. அன்று கண்டேன்.

"என்ன சொன்னனீங்கள்? கூடப் போட்டனீங்களோ? கூட்டாதை எண்டு அந்த மனிசன் சொன்னபிறகோ?"

"அது..."

"பொட்டு வைச்சது நான். ஓம். அந்தப் பிழை என்ர. மருந்தை அள்ளிப் போட்டது ஆர்? நானோ? சரசுவதியோ? உங்கட கண் போகக்கூடாதெண்டு நான் அதுக்குப் பொட்டு வைச்சனான். நீங்கள் உங்கட ரோசத்துக்காக அந்தக் கண்ணையே குடுக்கப் போனீங்களோ?"

"கத்தாதை, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! இவ்வளவு காலமும் உங்கட சத்தத்தைக் கேட்ட சனம்தானே. இண்டைக்கு என்ரயைக் கேக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கோ." பொறுமை என்று கோவிலில் கேட்டதெல்லாம் அந்த நேரம் எனக்கும் மறந்து போயிருந்தது.

"அந்த அஞ்சும் எங்க?" என்றாள். அவர் பையைக் காட்டினார். "கீழ வாங்கோ. எனக்கு முன்னால கழட்டுங்கோ."

நிலவறைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். ரவையைக் கழற்றுவதற்குச் சுத்தியல் மாதிரி ஒரு சாமான் இருக்கிறது. ரவையை அதற்குள் வைத்துக் கட்டையில் அடித்தால் குண்டு கழன்று வரும். அடித்தார். குண்டு விழுந்தது. மருந்தை டப்பாவில் கொட்டினார். செல்வராணி கையைக் கட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள். ஐந்தாவது கோதும் வெறுமையாகும் வரை அவள் அசையவில்லை.

"இனிப் பொட்டை வைக்கிறதெண்டா பெட்டியின்ர காலில வை" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல்.

"பொட்டை எங்க வைக்கிறதெண்டு நான் பிறகு பாக்கிறன். முதல் நீங்கள் அந்த ரூடியிட்டைப் போய், கூட்டினது நான்தான் எண்டு உங்கட வாயால சொல்லுங்கோ. அதுவரைக்கும் இந்த அறைத் திறப்பு என்னட்டை இருக்கும்."

நாங்கள் வெளியே வந்ததும் அறையைப் பூட்டி, திறப்பை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் போனார். கதவை அடித்துச் சாத்திக்கொண்டுதான் போனார். சொல்லிவிட்டும் வந்தார். ரூடி கையைக் கொடுத்து, "சரி, அடுத்த முறை கடை ரவையிலிருந்து தொடங்குவம்" என்றாராம். அதை எங்களிடம் சொல்லும்போதும் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. செல்வராணி திறப்பை அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முருகன் ரூடியின் கையில் இருந்த அந்தக் கடை ரவையாக வந்தார் என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்த ஐந்தையும் நினைத்தால், தீபம் காட்டிக்கொண்டு நிற்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.