சுடாத யானைகளும் வேல்விழியின் மேல்முறையீடும்

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் யானை பொம்மை வார்க்கும் வேல்விழிக்கு நாற்பத்து மூன்று வயது. இதுவரை இருவரிடம்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்: ஒருமுறை பழமலைநாதரிடம், ஒருமுறை தவறுதலாகக் கணவர் தனக்கோடியிடம். இரண்டாவதை அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவர்மீது, 'ஹெல்மெட் இல்லாமல் மொபெட் ஓட்டினார்' என்று எழுதி அபராதம் போட்டார் ஒரு டிராபிக் ஏட்டு. வேல்விழி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு போனார். பின்னால் கட்டிய பலகையில் நாற்பது யானைகள். சூளையில் வேகும்வரை அவை வெறும் காய்ந்த களிமண். ஒரு வேகத்தடை போதும், தும்பிக்கை தனி, யானை தனி. அதனால் பட்டறையிலிருந்து பொதுச் சூளைவரை பேட்டைக்காரர்கள் வண்டியைத் தள்ளித்தான் போவார்கள். ஏட்டுக்கு இந்தச் சாஸ்திரம் தெரியாது.

"கட்டிட்டு வந்துடு வேலு, தொலையட்டும்" என்றார் தனக்கோடி.

"கட்டுனா ஓட்டுனேன்னு ஆயிடும். நான் ஓட்டல."

கீழ்க்கோர்ட்டு ஏட்டை நம்பியது. வேல்விழி மேல்முறையீடு போட்டார். வக்கீல் வைக்கவில்லை. "யானை செய்யத் தெரியாதவரு என்னத்த வாதாடுவாரு?"

ஆறு வாய்தாவுக்கும் முதல் ஆளாகப் போனார். ஆறு முறையும் எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது. ஏழாவது வாய்தாவுக்குச் சாட்சிகளோடு போவதென்று முடிவெடுத்தார். சாட்சிகள் நாற்பது பேர். எல்லோருக்கும் தும்பிக்கை உண்டு.

காலை ஒன்பதரைக்குக் கிளம்பினார். தலையில் ஹெல்மெட், கையில் வண்டி. ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி சாவகாசமாக ஊர்ந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று, யானைகளை நலம் விசாரித்து, கோர்ட்டை அடைந்தபோது மணி பதினொன்று நாற்பது. ஒரு தும்பிக்கைகூட உடையவில்லை.

"பதினோரு மணிக்கே மூணு தடவ பேரக் கூப்பிட்டாச்சும்மா" என்றார் கோர்ட்டு கிளார்க் அமீனுதீன். "ஆளு வரல. கேஸ நடத்த ஆர்வம் இல்லன்னு டிஸ்மிஸ் ஆயிடுச்சு."

"ஆர்வம் இல்லியா? எனக்கா? வெளிய வந்து பாருங்க சார்."

வந்து பார்த்தார். வேப்பமரத்தடியில் நாற்பது யானைகள் அவரையே பார்த்தன.

"ஏறி ஒக்காந்து ஓட்டியாந்திருந்தா பத்து நிமிசம்மா!"

"ஓட்டுனா ஒடைஞ்சிடும்னுதான சார் ஏழு மாசமா சொல்லிக்கிட்டுருக்கேன்?"

அமீனுதீன் தாடியைச் சொறிந்தார். "கேஸத் திரும்ப எடுக்கச் சொல்லி மனு போடலாம். ஏன் லேட்டுன்னு காரணம் எழுதணும்."

மொபெட் சீட்டில் காகிதத்தை வைத்து வேல்விழி எழுதினார்: 'ஐயா, சுடாத பொம்மையோடு வண்டி ஓட்ட முடியாது. தள்ளித்தான் வர முடியும். அதனால் தாமதம். பொம்மைகள் வெளியே நிற்கின்றன, எண்ணிக்கொள்ளலாம். அன்றும் நான் ஓட்டவில்லை, இன்றும் ஓட்டவில்லை.'

அமீனுதீன் இரண்டு தடவை படித்தார். "ஏம்மா, ஒங்க கேஸே மொத்தமா இதுல இருக்குதே!"

"இருக்கட்டும். நகல்ல சீல் வச்சிக் குடுங்க."

நகலை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியைத் தெருவுக்குத் தள்ளினார். பின்னால் இரண்டு பஸ்கள் அலறின. ஓடி வந்தவர் அதே ஏட்டு.

"ஏம்மா, நடுரோட்டுல தள்ளிக்கிட்டுப் போறியே! ஏறி ஓட்டிட்டுப் போம்மா!"

வேல்விழி நின்றார். யானைகள் அதிராமல் ஸ்டாண்டு போட்டார். ஒரு வெற்றுக் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"தள்ளிக்கிட்டுப் போறேன்னு சொன்னீங்கல்ல சார்? அத அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போயிடறேன்."