ஒரு வீட்டுக்கு ஒரு எண்

டேட்டாபேஸ் கட்டுகிறவனுக்கு நல்ல பெயர் என்று ஒன்று கிடையாது. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது, தெரிகிற நாளில் எல்லோரும் அவனைத்தான் முறைப்பார்கள். தொண்ணூறுகளில் மலேசியாவின் மலாக்கா டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்துகொண்டு, மஸ்ஜித் தானாவிலிருந்து சுங்கை ரம்பாய் வரை மோட்டாரில் அலைந்தவன் நான். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டு தூக்கம் தொலைத்தவர்கள் இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்கள், நெஞ்சைத் தடவிக்கொள்வார்கள்.

சிவப்பு எழுத்து

பெம்பானில் ஒரு கிளினிக். சுற்றியுள்ள ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்கு அதுதான் கதி. டாக்டர் ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். நோயாளிகளின் பழைய அட்டைகளைக் கரையான் தின்றுவிட்டதால், மிஞ்சியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்.

பெயரை வைத்துத் தேடலாம் என்று பார்த்தால் ஒரே தோட்டத்தில் மூன்று முனியாண்டி, அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் ஒன்று. ஐ.சி. எண்ணை வைக்கலாம் என்றால் பாதிப் பேர் அந்த அடையாள அட்டையை வீட்டு அலமாரியில் பூட்டிவிட்டு வருகிறார்கள். கைக்குழந்தைக்கு அது கிடையவே கிடையாது. கடைசியில் ஆளுக்கு ஓர் எண் நாமே கொடுத்துவிடுவது என்று முடிவானது. ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர், வயது, ஆகாத மருந்து என்று கட்டங்கள் போட்டேன். டாக்டரின் கவலையெல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். முன்பு வேலை பார்த்த இடத்தில், ஆகாத ஊசி போடப்பட்ட நோயாளி ஒருவர் அவர் கண்ணெதிரிலேயே இறந்துவிட்டாராம்.

"பேரு ஊரு தப்பா இருந்தாகூட பரவால்ல தம்பி. இந்த ஆளுக்கு இந்த மருந்து ஆகாதுன்னா அது செவப்புல எரியணும். அது மட்டும் தப்பவே கூடாது" என்றார்.

ஒன்பது வயதுப் பெருமாள்

மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது ஒப்பந்தம். ஒரு சனிக்கிழமை மதியம் கவுண்டரில் பதிவு எழுதும் சரோஜா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். பெருமாள், ஆண், பால்மரம் வெட்டுபவர், வயது ஒன்பது என்று ஒரு பதிவு வந்தது. என்ன அக்கா இது என்று சிரித்தேன்.

"போன மாசம் அவரு சின்ன மக வந்திச்சு, வயச மாத்துனேன். இன்னைக்குக் காலைல அவரே வந்தாரு. கூட்டத்துல திரும்ப மாத்த மறந்துட்டேன்லா."

என் சிரிப்பு அங்கேயே நின்றது. தோட்டத்தில் மருத்துவச் செலவு தொழிலாளியின் பெயரில் எழுதப்படும். மனைவி மக்கள் எல்லோரும் அந்தப் பெயரில்தான் வந்து போவார்கள். அக்கா அந்த வழக்கத்தை அப்படியே என் டேட்டாபேஸுக்குள் கொண்டுவந்திருந்தார். ஒரு குடும்பம் முழுக்க ஓர் எண்ணில் இருந்தது. யார் வந்தாலும் அதே கட்டங்களில் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதியிருக்கிறார். ஆகாத மருந்துக்கும் ஒரே கட்டம்தான். ஆளுக்கு ஓர் எண் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தோட்டத்துல ஒரு வீடுன்னா ஒரு பேருதான் தம்பி. ஆளுக்கொரு நம்பரு குடுக்கறதுக்கு, அவங்க என்ன தனித்தனியாவா ஒல வச்சு சாப்புடறாங்க?"

அழிந்த கட்டம்

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமாளின் கட்டத்தில் 'சல்ஃபா' என்று சிவப்பில் எரிந்தது. அது சின்ன மகளுடையது என்றார் டாக்டர். போன மாதம் அந்த மருந்தால் அவளுக்கு முகம் வீங்கி, அவரே சொல்லித்தான் அக்கா எழுதியிருக்கிறார். அப்படியானால் அதற்கு முன்னால் அங்கே பெருமாளுக்கு ஏதாவது எழுதியிருந்ததா? கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அழித்ததை அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. காலையில் தொண்டை வலியும் காய்ச்சலுமாக வந்த பெருமாளுக்கு, சல்ஃபாதானே ஆகாது என்று திரையை நம்பி, பெனிசிலின் வகை மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார். அழிந்துபோனது பெனிசிலினாக இருந்தால்? தோட்டத்து ஆபீசுக்குப் போன் அடித்தோம். சனிக்கிழமை மதியம், ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வீட்டுக்குப் போயிருப்பார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே பெஞ்சு நிறைய நோயாளிகள். அவர்களில் எத்தனை பேருடைய கட்டம் இப்படி அழிந்திருக்கிறதோ தெரியாது.

உங்களுக்கு எதுவும் ஞாபகமில்லையா டாக்டர் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஞாபகம் வரல" என்றார். "வராதுன்னுதானே தம்பி உன்ன கூப்பிட்டேன்."

சந்தனம்

ஒரே வழி, பழைய பேக்கப். மாதாமாதம் எல்லாவற்றையும் ஃபிளாப்பி டிஸ்க்குகளில் நகல் எடுத்து, தூசி படாமல் யார் கையும் படாமல் நல்ல இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தேன். அக்கா சாமிப் படத்துக்குக் கீழே இருந்து அவற்றை எடுத்து வந்தார். ஆயுத பூஜை கழிந்து அதிக நாள் ஆகவில்லை. ஒவ்வொரு டிஸ்க்கிலும், சரியாகத் தகடு நகர்ந்து திறக்கிற இடம் பார்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். ஈரச் சந்தனம் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது. முதல் டிஸ்க்கைப் போட்டதும் கரகரவென்று அரைத்து, படிக்க முடியாது என்றது. அதை வெளியே உருவி, காய்ந்த சந்தனத்தை அக்காவிடம் நீட்டிக் காட்டினேன். அக்கா கண் கலங்கி நின்றார்.

டாக்டர் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். இதற்கு மேல் காத்திருக்க முடியாது, பெருமாள் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்றார். சின்ன மகள் வருவதற்கு முன்னால் எடுத்த டிஸ்க்கை மட்டும் திறந்து பார்த்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். பிளேடால் ஓரத்தைப் பிளக்கப் போனேன். பிளேடு வழுக்கியது. டாக்டர் பிளேடைப் பிடுங்கித் தாமே கூட்டைப் பிளந்தார். உள்ளே இருந்த மெல்லிய வட்டத்தை இடுக்கியால் தூக்கி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நான் துடைக்கத் துடைக்கப் பிடித்துக்கொண்டார். அதைப் புது டிஸ்க் ஒன்றின் கூட்டுக்குள் வைத்துப் போட்டோம். இந்தமுறை கரகரப்பு இல்லை. திரையில் பெருமாளின் பழைய பதிவு வந்தது: வயது நாற்பத்தாறு, ஆகாத மருந்து பெனிசிலின்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "காலைல அந்த மாத்திரைய எண்ணி அவரு கையில குடுத்தது நான்தான் டாக்டர்."

லயத்தில்

செம்மண் பாதையில் டாக்டர் ஓட்டிய வேகத்துக்கு, மடியில் இருந்த ஊசிப் பெட்டியை நான் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ரப்பர் மரங்கள் முடிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயம் வந்தது. பெருமாள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே ஒரு பெண் கதறி அழும் சத்தம். டாக்டர் கார்க் கதவைக்கூடச் சாத்தவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே டிவியில் தமிழ்ப் படம். அழுதது கதாநாயகி. அக்கம்பக்கத்தார் தரையில் உட்கார்ந்திருக்க, நடுவில் பெருமாள் தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டி, சாப்பிட்டது இவன்தான் என்று மூலையில் இருந்த மூத்த மகனைக் காட்டினார் பெருமாள். இருபது வயதுப் பையன். இதே மாத்திரையை முன்பும் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றான் டாக்டரிடம். இருந்தாலும் நாடி பிடித்து, மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. எனக்கு அத்தனை பேர் முன்னாலும் அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொள்ளவும் தோன்றவில்லை.

உங்கள் மருந்தை ஏன் அவனிடம் கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டதும், பெருமாளுக்கு எங்களைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. "காச்சலு மதியமே விட்டிருச்சு டாக்டர். பெரியவன் இருமிக்கிட்டே கெடந்தான், அவன்கிட்ட குடுத்துட்டேன். எங்க வீட்டுக்கே ஒரு நம்பர்தானே, யாரு முழுங்குனா என்ன?"

திங்கட்கிழமையே ஆளுக்கு ஓர் எண், ஆகாத மருந்துக்குத் தனி அட்டவணை என்று எல்லாவற்றையும் திருத்திக் கட்டிவிட்டேன் என்றாலும், அன்று பெருமாளைக் கொல்லப் பார்த்த, வீட்டுக்கு ஒரு எண் என்ற அதே வழக்கம்தான் அவரைக் காப்பாற்றியும் விட்டது என்பதை நினைத்தால், இந்தத் தொழிலில் யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.