பேரன் வாழ்த்திய ஃப்ளெக்ஸ்

பேரன் பிறந்து மூன்றாம் மாதம். கழுத்துகூட இன்னும் நிற்கவில்லை. அந்தப் பயல்தான் பந்தல்குடி பஸ் ஸ்டாப்பில், ஆள் உயரத்துக்கு மேலே, எச்சில் ஒழுகச் சிரித்தபடி தன் அம்மாச்சியை வாழ்த்திக்கொண்டிருந்தான்.

"சிறந்த ஆசிரியர் விருது பெறும் எங்கள் அம்மாச்சி மாரிக்கனி டீச்சர் அவர்களை வாழ்த்தும் பேரன் தவசிக்குமார்."

பஸ்ஸை விட்டு இறங்கிய மாரிக்கனி அப்படியே நின்றுவிட்டாள். ஆதார் அட்டையில் இருந்த அவள் முகத்தை எடுத்து, வெள்ளையடித்து, உதட்டுக்குச் சாயமும் பூசி ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். அதை அவள் பார்க்கவில்லை. பயலைத்தான் பார்த்தாள். தூத்துக்குடி ரோட்டில் லாரி போகிறபோதெல்லாம் ஃப்ளெக்ஸ் உப்பி உப்பி அடங்கியது. பிள்ளை மூச்சு விடுகிற மாதிரியே இருந்தது.

வைத்தவர் சம்பந்தி இருளப்பசாமி. கீழே வரிசையாக அவர், அவருடைய தம்பிமார், மச்சினன்மார் எல்லாரும் வட்டத்துக்குள் சிரித்தார்கள். மாரிக்கனி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தின் பெயர் எங்கேயும் இல்லை. தாளாளர் முனீஸ்வரன் படமும் இல்லை. அதைக் கண்டபோது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் பயல் அப்படிச் சிரிக்கும்போது அதற்கு மேல் யோசிக்க ஓடவில்லை.

மாரிக்கனியைப் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள். அவள் பத்தாவது வரைக்கும் போய்க் கணக்கில் கோட்டை விட்டாள். புருஷன் லோடு ஏற்றப் போன இடத்தில் லாரியோடு போய்ச் சேர்ந்தபோது மகள் சுமதி கைப்பிள்ளை. முனீஸ்வரன் ஓட்டுக் கொட்டகையில் நர்சரி பள்ளிக்கூடம் ஆரம்பித்த காலம் அது. அழுகிற பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் இவளைக் கூப்பிட்டார். சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஓடிப்போக, சொல்லிக்கொடுப்பதும் இவள் தலையில் விழுந்தது.

புதுப்பிள்ளை அழுதால் அவள் சமாதானப்படுத்த மாட்டாள். ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, விரலைத் தொட்டு வாசல் சிமெண்டுத் தரையில் 'அ' எழுதச் சொல்வாள். இந்த ஊர் வெயிலுக்கு வால் இழுத்து முடிப்பதற்குள் சுழி காய்ந்துவிடும். பிள்ளை அழுகையை மறந்து திரும்பத் திரும்ப எழுதும். மதிய மணி அடிக்கும்போது எழுத்து விரலுக்குள் போயிருக்கும். கொட்டகை மாடிக்கட்டடம் ஆனது, வேன் வந்தது. அவள் மட்டும் எல்கேஜியிலேயே இருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் 'மாரி மிஸ்.'

திருச்சுழிப் பக்கம் கிணறும் காடுமாக இருந்த இருளப்பசாமி, ஒன்றுமில்லாத வீட்டில் பெண் எடுத்ததும் அந்தப் பெயருக்காகத்தான். "எங்க சம்மந்தி டீச்சரு" என்று கல்யாண வீடு, துஷ்டி வீடு எல்லா இடத்திலும் சொல்லுவார். சுமதி புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோன சீர் அந்த ஒரு சொல்தான். அதற்குத்தான் அங்கே அவளுக்கு மரியாதை.

அருப்புக்கோட்டையில் ஒரு சேவா கிளப் உண்டு. மாசம் ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள். செப்டம்பரில் பள்ளிக்கு ஒருவர் என்று ஆசிரியர்களைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். அந்த வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து மாரிக்கனி என்று முனீஸ்வரனே சொல்லியிருந்தார்.

விழா அன்று பட்டுச்சேலை கட்டி, டான்ஸ் ஆடப்போகிற பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பள்ளிக்கூடம் வந்தவளை முனீஸ்வரன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பஸ் ஸ்டாப்புல பெருசா போர்டு வச்சிருக்கீகளாம்ல?"

"சம்மந்தி வச்சதுய்யா. எனக்கே தெரியாது."

"பார்த்தேன், பார்த்தேன். மச்சினன் வரைக்கும் இருக்காக. ஸ்கூலத்தான் காணோம். தானா மொளச்ச டீச்சரு போல!"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "கிளப்புல டிகிரி கேக்குறாகம்மா. எங்க மருமக பி.எட். முடிச்சிருக்குல்ல, அது மேடையேறட்டும். நீங்க பிள்ளைகள மட்டும் பார்த்துக்கங்க."

மருமகள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு பருவம்கூட ஆகவில்லை.

மாரிக்கனி வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டாள்.

"ஆத்தா, வேன் கிளம்பிருச்சு!" சுமதி கத்தினாள். "மாமா புதுவேட்டி கட்டி முன் சீட்டுல உக்காந்திருக்காக. ஒம் பேரனுக்குக்கூடப் பொட்டு வச்சு மை தீட்டி... எதுக்குப் போன் போட்ட?"

"ஒண்ணுமில்ல. பிள்ளைக்குக் காத்துப் படாமக் கொண்டா."

மண்டபத்தில் பிள்ளைகள் ஆடி முடித்ததும் மேடை ஓரத்தில் நின்றாள். கிளப் செயலாளர் ரத்தினம், நூல்கடைக்காரர், பொன்னாடை அடுக்கிய தாம்பாளத்தோடு பரபரத்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் நீட்டினார்.

"ஆயாம்மா, இதச் சித்தப் பிடிங்க. பேர் கூப்பிடக் கூப்பிட ஒண்ணொண்ணா நீட்டணும்."

"சரிங்கய்யா."

"நீங்க முனீஸ்வரன் ஸ்கூலுதான? அங்க மாரிக்கனின்னு ஒரு டீச்சர் வரவேண்டியது. மேலுக்கு முடியலயாம். காலையிலதான் போன் பண்ணி மருமக பேரக் குடுத்தாரு. அந்தம்மா எப்படி இருக்காக?"

கிளப்பில் டிகிரி யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நான்தான்யா மாரிக்கனி என்று சொன்னால் போதும். மேடையில் முனீஸ்வரன் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கும் அவர் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும்.

"ஆமாய்யா," என்றாள். "அவுகளுக்கு முடியல."

மதுரையிலிருந்து வந்த பேச்சாளர் மைக்கைப் பிடித்தார். ஆசிரியர் இல்லாவிட்டால் இந்த உலகமே குருடு என்றார். குரல் தழுதழுத்தது. "உங்களுக்கு முதல் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவங்கள மனசுல நெனச்சுக்கிட்டு எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுங்க!" என்றார். மண்டபமே எழுந்து தட்டியது. மாரிக்கனியின் இரண்டு கையிலும் தாம்பாளம் இருந்தது.

மூன்றாம் வரிசையில் சொந்தபந்தம் நடுவே இருளப்பசாமி, பேரனைத் தூக்கிப் பிடித்து அவளைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் சேரின் நுனிக்கு வந்து, திரும்பப் பின்னால் சாய்ந்தார். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி முனீஸ்வரன் மருமகளைக் கூப்பிட்டபோது பிள்ளையைச் சுமதி மடியில் இறக்கினார். மாரிக்கனி பொன்னாடையை எடுத்து நீட்டினாள். பேச்சாளர் போர்த்தியதை அந்தப் பெண் இவள் முகத்தைப் பார்க்காமல் தலை குனிந்து வாங்கிக்கொண்டது.

வேன் பக்கத்தில் வைத்து இருளப்பசாமி கேட்டார்: "என்ன டீச்சர் இது? தாம்பாளம் ஏந்துறதப் பார்க்கத்தான் சாதிசனத்தக் கூட்டிட்டு வரச் சொன்னீகளோ?"

"கடைசி நேரத்துல மாத்திட்டாக, சம்மந்தி. உங்க போர்டுல அவரு படம் இல்லன்னு..."

"அப்ப தப்பு எம் பேருலயா?"

மச்சினன் ஒருத்தன் வேனுக்குள்ளிருந்து சொன்னான்: "ஆயாம்மான்னுல்ல மாமா கூப்பிட்டான் அந்த ஆளு! ஏலே, நாம வேற ஸ்கூலுக்கு வந்துட்டோமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். சுமதி மட்டும் பிள்ளையின் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

பந்தல்குடியில் அவளை இறக்கிவிட்ட கையோடு இருளப்பசாமி டிரைவரிடம் ஃப்ளெக்ஸ் கயிற்றை அறுக்கச் சொன்னார். கிழிக்கவில்லை. அவர் எதையும் வீணாக்குகிற ஆள் இல்லை. பதமாகச் சுருட்டி வேனுக்குள் போட்டுக்கொண்டார்.

மாசியில் குலதெய்வம் கோயிலில் பேரனுக்கு மொட்டை. மாரிக்கனி துணிமணியோடு சம்பந்தி வீட்டுக்குப் போனாள். பயல் தவழ்ந்து வந்து அவள் மூக்கைப் பிடித்தான். கீழே முளைத்த இரண்டு பல்லால் அவள் தாடையைக் கடித்தான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவர், யார் இது என்று கேட்டார்.

"மருமகளோட ஆத்தா," என்றார் இருளப்பசாமி. "பந்தல்குடியில ஒரு ஸ்கூல்ல ஆயா வேலை பாக்குது."

சுமதி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வரவில்லை.

பிள்ளைக்கு ஆட்டுக்குட்டி காட்டலாம் என்று மாரிக்கனி களத்துப் பக்கம் போனாள். மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தார்கள். காரம் மூக்கில் ஏறியது. அடியில் விரித்திருந்தது அந்த ஃப்ளெக்ஸ். வட்டத்துக்குள் இருந்த மாமன் மச்சினன்மார் மடிப்புக்குள் போயிருந்தார்கள். படம் மேல்பக்கமாக விரித்ததில், 'டீச்சர் அவர்களை' என்கிற எழுத்து மட்டும் ஓரத்தில் தெரிந்தது. அதற்குத் தள்ளி, வத்தலுக்கு நடுவே பயலின் ஒரு கண் மின்னியது.

மாரிக்கனி பிள்ளையை ஒரு கையால் தூரப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கையாலேயே வத்தலை ஒதுக்கத் தொடங்கினாள்.

"காயிறத எதுக்குக் கலைக்கணும்?" பின்னாலிருந்து இருளப்பசாமி கேட்டார்.

"பிள்ள கண்ணுல கெடக்கு," என்றாள்.

பயலின் கண், கன்னம், எச்சில் ஒழுகுகிற வாய் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒதுக்கின வத்தல் எல்லாம் படத்தில் பக்கத்திலிருந்த அவள் முகத்தின் மேல் போய்க் குவிந்தது. அதை அவள் தள்ளவில்லை.