காற்றுப் போகாத பெட்டி

காருக்குப் பூட்டும் சப்வூஃபர் என்ற தாழ்சத்த ஸ்பீக்கரின் பெட்டியைக் காற்றுப் போகாமல் அடைத்தால், சத்தம் உள்ளுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும் என்று நம்பியவன் நான். ஐம்பத்திரண்டு வயது. இரண்டு பிள்ளைகளை வளர்த்து அனுப்பியிருக்கிறேன். இந்தக் குளிர் நாட்டில் நம்பி வாக்குரிமையும் தந்திருக்கிறார்கள். அந்த அறிவோடுதான் பெட்டியின் முதுகில் இரண்டு ஓட்டை துளைத்தேன்.

பெட்டி மனைவிக்காக. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டன. மாதா கோவில் பாடகர் குழுவில் இருபது வருடம் பாடியவள். காரில் பாட்டுப் போடுவதை நானும் நிறுத்திவிட்டேன்; அவள் பக்கத்தில் இருக்க நான் மட்டும் கேட்பது, பசித்த ஆளுக்கு முன்னால் இருந்து தின்பதுபோல இருந்தது. போன இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ரொம்சோஸ் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். பக்கத்துக் காருக்குள் யாரோ கண்ணாடி அதிரப் பாட்டுப் போட்டிருந்தார்கள். அவள் சட்டென்று நெஞ்சில் கை வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, பாட்டுப் போகுதே? நெஞ்சுக்குள்ளை அடிக்குது."

பச்சை விழுந்தது. அந்தக் கார் போனது, அடியும் போனது. அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த கிழமையே நான் ஸ்பீக்கரும் பெட்டியும் வாங்கிவிட்டேன்.

ஓட்டையை முதலில் கண்டவர் மேல்மாடி மதுரைக்காரர். இங்கே கணினி வேலை. ஊரில் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டிய குடும்பம்.

"என்னண்ணே, பாக்ஸ்ல ஓட்டை?"

"மூச்சு விடத் தம்பி."

"ஸ்பீக்கர் என்ன ஆடா மாடா? பின்பக்கக் காத்து முன்னாடி ஓடி வந்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும்ணே. அடியே இருக்காது. இந்த ஸ்பீக்கருக்குப் பெட்டிய ஒரு பொட்டுக் காத்துப் போகாம அடைக்கணும்."

அடைப்பதா? அது எங்களுக்குத் தெரிந்த வேலை அல்லவா! புட்டுப் பானைக்கும் குழலுக்கும் இடையில் ஆவி போனால் கோதுமை மாவைக் குழைத்து அப்பிவிடுவோம். ஓட்டைகளைக் கட்டையும் பசையும் வைத்து மூடினேன். ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி மா அப்பி, திருகாணிகளை இறுக்கி, பெருவிரலால் நீவியும் விட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெட்டியைக் காரின் பின் ஆசனத்துக்குப் பின்னால் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியில் பாட்டைப் போட்டேன். பின்னால் ஏதோ சீறியது. அதை நான் பொருட்படுத்தவில்லை. அவள் பக்கம் திரும்பி, வாயைப் பெரிதாக அசைத்து, "தெரியுதா?" என்றேன்.

"இல்லையப்பா. மா மணக்குது."

பயம் பிடித்துக்கொண்டது. பெட்டியைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை, அவளைத்தான் சந்தேகித்தேன். காது போனதுபோல நெஞ்சும் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். சுவாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று தெரியாது. நெஞ்சுச் செவிட்டுக்கு எந்த வைத்தியரிடம் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள், மற்றவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பாட்டுக்கு உதடசைத்தாள். ஒரு சொல் பிந்தியபடி.

பின்னேரம் மதுரைக்காரர் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, பாட்டை ஓடவிட்டு, விளிம்பைச் சுற்றிக் கொண்டுபோனார். புகை நாலு இடத்தில் துடித்தது. அங்கெல்லாம் குளிரில் மா காய்ந்து வெடித்திருந்தது. அவர் ஒரு துண்டைக் கிள்ளி முகர்ந்தார்.

"சப்பாத்தியாண்ணே?"

"புட்டுப் பானை முறை," என்றேன். அவர் சிரிக்காமல் இருந்ததற்கு இன்றும் நன்றி.

மாவைச் சுரண்டி எடுத்தோம். குளிருக்கு யன்னல் விளிம்பில் ஒட்டும் நுரைப் பட்டியை இடைவெளி இல்லாமல் ஒரு சுற்று ஒட்டினோம். கார்ச் சில்லைக் கழற்றிப் பூட்டும்போது செய்வதுபோல எதிரெதிர்த் திருகாணிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். வயர் போகும் துளைக்குச் சிலிக்கோன் பசை. அது காய ஒரு நாள் விட்டோம். பிறகு ஸ்பீக்கரின் கூம்பை உள்ளங்கையால் மெல்ல அமத்தி விட்டேன். உள்ளே காற்று அடைபட்டிருந்ததால் அது அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிறு, பாட்டைப் போட்டும் முன் ஆசனத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. காரை ஓரம் கட்டினேன். அவள் இறங்கிப்போய்ப் பின் ஆசனத்தில் ஏறி இருந்து, முதுகை நன்றாகச் சாய்த்து, கண்ணை மூடினாள். நான் பாட்டை முதலிலிருந்து போட்டேன்.

"முடிஞ்சுது. அடுத்ததைப் போடுங்கோ," என்றாள்.

பாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. முன் ஆசனத்தில் அவளுக்கு இன்றுவரை ஒன்றும் தெரிவதில்லை. பின்னால் தெரிகிறது. அவள் பின்னால் இருக்கிறாள். நான் முன்னால் தனியே ஓட்டுகிறேன்.